கூத்தும் தலைக்கட்டு வரியும்

கலை தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும், நிற்கத் திராணியில்லாத கலையைப் பொதுப்பணம் கொடுத்துத் தாங்கிப்பிடிப்பது கலைக்கும் நல்லதல்ல, ஜனங்களுக்கும் நல்லதல்ல என்னும் அபிப்பிராயம், சர்க்கார் செலவைக் குறைக்கும் ஒவ்வோர் ஆண்டிலும் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் நம்மிடையே எழுந்து, இப்போது மறுப்பதற்கே ஆளில்லாத ஒரு சித்தாந்தமாக நிலைபெற்றுவிட்டது. அதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுள் என் நண்பர்களும் உண்டு. ஜனங்களுக்கு வேண்டுமென்றால் காசு கொடுத்துப் பார்ப்பார்கள். வேண்டாத ஒன்றை அவர்கள்மேல் சுமத்த எவருக்கும் உரிமையில்லை. மானியம் வாங்கிப் பழகிய கலைஞன் முயற்சியை மறப்பான். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போதாத பணத்தைக் கூத்துக்கும் கும்மிக்கும் கொடுப்பது தர்மமாகாது: இவை அவர்களுடைய வாதங்கள். கேட்ட மாத்திரத்தில் நியாயமாகத் தோன்றும் இந்த வாதங்கள், வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தை ஒரே ஓர் இரவு உட்கார்ந்து பார்த்தவனுக்கும், அந்த இரவுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று மறுநாள் காலையில் விசாரித்தவனுக்கும், அடியோடு பொருந்தாதவை என்பது விளங்கிவிடும். அப்படி விசாரித்தவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு சித்திரை மாதம், செய்யாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் திரௌபதியம்மன் கோயில் பாரதத் திருவிழா நடந்தது. பிற்பகலில் பந்தலின்கீழ் வில்லிபுத்தூரார் பாரதத்தை வைத்துப் பிரசங்கம். இரவு பத்து மணிக்குமேல் கூத்து. நான் போயிருந்த இரவு கர்ண மோட்சம். தென்னங்கீற்று மறைத்த கொட்டகைக்குள், அறுபது வயதுக்கு மேற்பட்ட வாத்தியார் ஒருவர் கையகலக் கண்ணாடியை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார். இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டிய கிரீடமும் புஜகீர்த்தியும் மார்ப்பதக்கமுமான கட்டைகள் பாயில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பெட்டியின்மேல் பதினொரு வயதுப் பையன் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். பின்பாட்டுக்கு நேரமானதும், "எழுந்திருடா தம்பி, தாளம் உன் கைல" என்று அவர் அவனை எழுப்பிய குரலில் இருந்த கண்டிப்பும் வாஞ்சையும் இன்னும் என் காதில் இருக்கின்றன. முகவீணை ஒலித்தது, திரை பிடித்தார்கள், கட்டியக்காரன் வந்து ஊரைச் சிரிக்க வைத்தான். திரைக்குப் பின்னிருந்து கர்ணன் பாடத் தொடங்கியதும் முன்வரிசைக் குழந்தைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். விடியும்வரை எழுநூறு எண்ணூறு பேர் மண்ணில் இருந்தார்கள். ஒருவரிடமும் டிக்கெட் கேட்கப்படவில்லை.

மறுநாள் கோயில் தர்மகர்த்தா கணக்கு நோட்டைக் காட்டினார். ஊரில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. கழனி வைத்திருப்பவருக்கும் கூலிக்குப் போகிறவருக்கும் தலைக்கட்டு வரி ஒன்றே. வசதியுள்ளவர்கள் அதற்குமேல் ஒரு நாள் உபயத்தை ஏற்றுக்கொள்வார்கள். விதவைக்கும் நோயாளிக்கும் வரி விலக்கு. பார்ப்பதற்கு விலக்கு இல்லை. வரி கொடுத்தவர் கூத்துக்கு வராமல் படுத்துத் தூங்கலாம். வரி கொடுக்காத பக்கத்து ஊர்க்காரர் வந்து முன்வரிசையில் உட்காரலாம். கொடுப்பதற்கும் பார்ப்பதற்கும் இடையே எந்தக் கணக்கும் இல்லாத இந்த ஏற்பாட்டைச் சந்தை என்று சொல்வதற்கில்லை. ஊரே கூடி விதித்துக்கொண்ட வரி அது. வாத்தியாருக்கு வெற்றிலை பாக்கு வைத்து நாள் குறிப்பதும், பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஜமாவுக்குச் சாப்பாடு போடுவதும், கடைசி நாள் படுகளத்துக்கு மண்ணால் துரியோதனனைப் படுக்கவைப்பதும் அந்த வரியிலிருந்துதான். கூத்து பிறந்து வளர்ந்து வயோதிகம் எய்திய காலம் முழுவதிலும் அது நின்றது ஊர்ப்பொதுவின் காலில். 'சொந்தக் கால்' என்று இன்று சொல்கிறார்களே, அப்படியொரு கால் அதற்கு ஒருநாளும் இருந்ததில்லை.

இது ஒரு கிராமத்து வழக்கம் மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாதபடி கல்வெட்டுகள் சாட்சி சொல்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் வைகாசித் திருவிழாவின்போது ராஜராஜேசுவர நாடகம் ஆடுவதற்காக, திருவாலன் திருமுதுகுன்றன் என்னும் சாந்திக்கூத்தனுக்கும் அவன் வம்சத்தாருக்கும் நாள்தோறும் ஒரு தூணி நெல்லாக, ஆண்டுக்கு 120 கலம் நெல் இரண்டாம் ராஜேந்திரன் காலத்தில் விடப்பட்டது. கணக்கைக் கவனியுங்கள். நாடகம் நடப்பது திருவிழா நாட்களில்; நெல் அளப்பது ஆண்டு முழுவதற்கும். ஆடுகிற நாளில் மட்டும் கலைஞன் சாப்பிடுவதில்லை, ஆடாத நாளில் அவன் பயில்கிறான், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான் என்ற விவேகம் அந்த நெல்லுக்குள் இருக்கிறது. காமரசவல்லியில் முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு, மார்கழித் திருவாதிரையிலும் வைகாசித் திருவாதிரையிலும் மும்மூன்று முறை சாக்கைக்கூத்து ஆடுவதற்காகச் சாக்கைக்காணியாக நிலம் விடப்பட்டதைச் சொல்கிறது. ராஜாங்கமும் கோயிலும் ஊர்ச்சபையும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு அளவில் சுமந்த பொறுப்பு அது. பிற்காலத்தில் மானியங்கள் ஒன்றொன்றாகக் கரைந்தன. 1963-ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் இனாம்களை ரயத்துவாரி நிலங்களாக மாற்றிற்று. உழுகிறவனுக்கு நியாயம் தேடிய சீர்திருத்தத்தை நான் ஆக்ஷேபிக்கவில்லை. ஆனால் மானியம் போன பிறகு எஞ்சியது தலைக்கட்டு வரி ஒன்றே என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜனங்கள் விரும்பினால் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள் என்பவர்களுக்கு, டிக்கெட் வாங்கிப் பார்த்த கலை ஒன்று நம்மிடமே இருந்ததையும் அது என்னவாயிற்று என்பதையும் ஞாபகப்படுத்துகிறேன். சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்திலும் அவருக்குப் பின்னும் பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், நாற்காலி டிக்கெட் என்று விற்று, யாரிடமும் கையேந்தாமல் நாடகம் நடத்தின. நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியும் டி.கே.எஸ். சகோதரர்களின் சபையும் அவற்றுள் தலைசிறந்தவை. அந்த நடிகர்களின் உழைப்புக்கும் ஒழுக்கத்துக்கும் குறை சொல்ல எவராலும் முடியாது. 1931-இல் தமிழில் பேசும்படம் வந்தது. அதே பணத்துக்கு அதைவிடப் பளபளப்பான காட்சி கிடைத்ததும் வசூல் சினிமாவுக்குப் போயிற்று, நடிகர்களும் போனார்கள், இருபது முப்பது ஆண்டுகளுக்குள் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. சந்தையில் நின்றது சந்தையில் விழுந்தது. அதே சினிமாவுக்கு, அதற்குப் பிறகு தொலைக்காட்சிக்கு, அதற்கும் பிறகு கைப்பேசிக்கு ஈடு கொடுத்துத் தெருக்கூத்து மட்டும் எப்படி இன்றுவரை உயிரோடு இருக்கிறது? எண்ணூறு பேர் அதைப் பார்த்தாலும் எண்பது பேர் பார்த்தாலும் வரி வந்துவிடும். ஒரு வருஷத்து மோகம் குறைந்தது என்பதற்காக அம்மனுக்கு எந்த ஊரும் பாரதத்தை நிறுத்தாது. இந்தப் பாதுகாப்புத்தான் அதைக் காப்பாற்றியது.

கர்நாடகத்து யட்சகானத்தைச் சிலர் எதிர் உதாரணமாகக் காட்டுவார்கள். அங்கே டிக்கெட் மேளங்கள் என்னும் குழுக்கள் கொடிகட்டிப் பறந்ததும் உண்மை. ஆனால் கூடாரம் போட்டு டிக்கெட் விற்ற மேளங்கள் பல இன்று இல்லை. கடீலிலும் தர்மஸ்தலத்திலும் கோயிலைச் சேர்ந்த மேளங்கள், பக்தர்கள் நேர்ந்துகொண்டு நடத்தும் ஆட்டங்களால், பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே நாள் பதிவாகி நடக்கின்றன. பார்க்க வருபவரிடம் அங்கும் யாரும் காசு கேட்பதில்லை. அந்த உதாரணம் என் பக்கத்துச் சாட்சியாகவே நிற்கிறது.

இனி, தலைக்கட்டு வரி இருக்கும்போது சர்க்கார் பணம் எதற்கு என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. வரி கொடுத்த ஊர் இன்று பழைய ஊராக இல்லை என்பதே பதில். விவசாயம் நொடித்து, இளைஞர்கள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் செய்யாறு சிப்காட்டுக்கும் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். இரவு ஷிப்டில் இருப்பவனுக்கு இரவுக்கூத்து எப்படி வாய்க்கும்? பிழைக்கப் போன குடும்பத்தின் தலைக்கட்டு நோட்டில் இருக்கிறது, வரி வருவதில்லை. முன்பு ஊரின் செல்வம் ஊரிலேயே விளைந்து ஊரிலேயே செலவாயிற்று. இப்போது அந்தச் செல்வம் ஆலைகளுக்கும் அங்கிருந்து வரியாகச் சர்க்கார் கஜானாவுக்கும் போய்ச் சேர்கிறது. ஊர்ப்பொது வெறுமையாகி நாட்டுப்பொது நிறைந்த பின்பு, கூத்துக்காரன் நாட்டுப்பொதுவைக் கேட்பது பிச்சையாகாது. தன் பங்கு எங்கே போயிற்றோ அங்கே போய்க் கேட்கிறான்.

அந்தக் கஜானாவிலிருந்து என்ன வருகிறது என்பதைப் பார்த்தால், செலவு மிதமிஞ்சிவிட்டது என்ற வாதம் எத்தனை ஆதாரமற்றது என்பது புலனாகும். மத்திய சர்க்காரின் கலாசார அமைச்சகத்துக்கு 2020-21 பட்ஜெட்டில் ஏறக்குறைய 3,150 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அடுத்த ஆண்டு அதை ஏறக்குறைய 2,688 கோடியாகக் குறைத்தார்கள். மொத்த பட்ஜெட்டில் அது நூறு ரூபாய்க்கு எட்டுக் காசுக்கும் குறைவு. அந்த எட்டுக் காசிலும் மூன்றில் ஒரு பங்குக்குமேல் தொல்லியல் துறைக்குப் போகிறது. நூலகம், அருங்காட்சியகம், அகாதமிகள் எல்லாவற்றுக்கும் போக, உயிருள்ள கலைஞன் கைக்கு வருவது மிகவும் சொற்பம். இந்தக் குறைப்பு எந்த ஆண்டில் நேர்ந்தது? 2020 மார்ச்சில், பங்குனியில் பாரதங்கள் தொடங்கும் தருணத்தில், கொரோனா ஊரடங்கு வந்து அந்தப் பருவம் முழுவதும் கூத்து நின்றது. 2021 கோடையில் இரண்டாவது அலை மறுபடியும் நிறுத்தியது. ஆண்டு வருமானம் பெரும்பாலும் பங்குனி முதல் ஆடி வரையில் கிடைப்பதையே நம்பியிருக்கும் ஜமாக்கள் இரண்டு பருவங்களை அடுத்தடுத்து இழந்தன. கிரீடத்தை அடகு வைத்தவரையும், கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போன பின்பாட்டுக்காரரையும் நான் அறிவேன். தாங்க வேண்டிய வேளையில் கை பின்னுக்கு இழுக்கப்பட்டதை நினைக்கும்போது, இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் கூத்துக்கு எதிராக நிறுத்துகிறார்கள். அந்த எட்டுக் காசை முழுவதும் பிடுங்கிக் கொடுத்தாலும் எந்த ஆஸ்பத்திரியின் குறையும் தீராது. தவிரவும், வாசிக்கத் தெரியாத என் பாட்டிக்குப் பாரதம் முழுவதும் தெரிந்திருந்தது. கர்ணனுக்காக அழுதவள் அவள். சூதாட்டத்தைப் பற்றி அவள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன புத்தியை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குப் பிற்பாடு சொல்லவில்லை. அவள் படித்த பள்ளிக்கூடம் கூத்துக் களரிதான்.

புரவலர்கள் வரட்டும், கம்பெனிகள் கொடுக்கட்டும் என்கிறார்கள். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பெரிய கம்பெனிகளை லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. பாரம்பரியக் கலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கொடுப்பவரை நான் வாழ்த்துகிறேன். எனினும் புரவலர் கொடுக்கும் பணம் புரவலர் விரும்பும் உருவத்தைக் கேட்கும். நகரத்து விழா ஒன்றில், புகழ்பெற்ற ஜமா ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிஷம் கொடுத்திருந்தார்கள். வேஷம் கட்ட மூன்று மணி நேரம். ஆட்டம் பன்னிரண்டு நிமிஷம். திரை விலகி, துரியோதனன் தன் பிரதாபத்தைச் சொல்லிச் சுழன்று ஆடி முடிப்பதற்குள் கீழேயிருந்து கையைச் சுழற்றிச் சைகை காட்டினார்கள். சபையில் யாருக்கும் அவன் ஏன் வந்தான், எங்கே போகிறான் என்பது தெரியாது. எல்லோரும் கை தட்டினார்கள், படம் எடுத்தார்கள். கொட்டகைக்குத் திரும்பிய அந்த நடிகர் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. இதையே ஆண்டுதோறும் செய்து வந்தால் கூத்தின் பெயர் இருக்கும். இரவு முழுவதும் ஒரு கதையை இழுத்துச் செல்லும் மூச்சு போய்விடும்.

மானியம் கலைஞனைச் சோம்பேறியாக்கும் என்ற ஆக்ஷேபத்துக்கு நெடிய பதில் தேவையில்லை. ஆறு மணி நேரம் ஐந்தாறு கிலோ கட்டை கட்டிக்கொண்டு ஆடுகிறவனைச் சோம்பேறி என்று சொல்ல என் நா எழாது. ஆனால் சர்க்கார் பணம் கலைஞனைச் சர்க்கார் திட்டங்களின் பிரசாரகனாக்கிவிடும் என்ற அச்சம் வேறு, அது நடந்திருக்கிறது. கட்டியக்காரனின் வாயில் எந்தெந்தத் துறையின் வாசகங்களையோ திணித்து ஆடவைத்த காலங்களை நான் பார்த்திருக்கிறேன். அது கொடுத்த முறையின் குற்றம். நிபந்தனையைத் திருத்த வேண்டுமே தவிர, கொடுப்பதை நிறுத்துவதற்கு அது காரணமாகாது. அகாதமிகளும் மன்றங்களும் இருப்பதே அதற்காகத்தான்: சங்கீத நாடக அகாதமி 1953-லும், இன்று இயல் இசை நாடக மன்றம் என்று வழங்கும் நம் மாநில அமைப்பு 1955-லும் ஏற்பட்டபோது, மந்திரியின் கைக்கும் கலைஞனின் கைக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும் என்ற கருத்து அவற்றின் அடியில் இருந்தது. மறுபடி அதை உயிர்ப்பிக்க வேண்டும்.

ஊர்ப்பொதுவை இவ்வளவு புகழ்ந்த நான் அதன் களங்கத்தை மறைத்தால் எழுதியதெல்லாம் பொய்யாகும். பல ஊர்களில் 'ஊர்' என்று சொன்னால் சேரி அதில் சேராது. வரியும் வாங்குவதில்லை, கோயிலுக்குள்ளும் விடுவதில்லை. 2023-இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், பட்டியல் சாதியினர் உள்ளே போவதைப் பற்றி எழுந்த தகராறில், தர்மராஜா திரௌபதியம்மன் கோயிலுக்கே பூட்டுப் போட்டு முத்திரை வைக்க நேர்ந்ததை நாடறியும். கூத்தை ஊர்வரியிடமே விட்டுவிட்டால் ஊரின் அநீதியிடமும் சேர்த்தே விட்டுவிடுகிறோம். எவரையும் விலக்காத பாரதத்துக்கே பொதுப்பணம் என்று ஒரு நிபந்தனை விதிக்கும் அதிகாரம், பணம் கொடுப்பவருக்கே உண்டு. பொதுப்பணம் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, எந்த டிக்கெட்டும் எந்தப் புரவலரும் ஈடுசெய்யாத செலவு: பயிற்சி. ஒரு பையன் வேஷக்காரனாக ஏழெட்டு ஆண்டு வேண்டும். காஞ்சிபுரத்தில் பி. ராஜகோபாலும் தோழர்களும் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்து, 2002 முதல் ஒரு குருகுலம் நடத்தி, பள்ளிப்படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆண்களே ஆடி வந்த களரிக்குப் பெண்பிள்ளைகளையும் கொண்டுவந்தார்கள். அந்தச் சாதனையின் அருமை பெரிது. ஆனால் அப்படியொரு முயற்சியை நாட்டில் எத்தனை தனிமனிதர்கள் தோளில் சுமக்க முடியும்? ந. முத்துசாமி புரிசைத் தம்பிரான்களின் கூத்தில் கண்டதைக் கொண்டு 1977-இல் கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழுவைத் தொடங்கினார்; பசுபதியும் கலைராணியும் குரு சோமசுந்தரமும் அங்கிருந்து சினிமாவுக்கு வந்தார்கள். சினிமா கோடிகளைச் சம்பாதிக்கிறது. அந்த நடிப்பின் விதைநெல் இருக்கும் குதிரில் நெல் குறைவதைப் பார்க்க அதற்கு நேரமில்லை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். நகரத்து மேடைகளுக்குக் கொடுப்பதற்குமுன், பாரதம் வைக்கும் ஊருக்குக் கொடுங்கள். ஊர் எவ்வளவு தலைக்கட்டு வரி திரட்டுகிறதோ அதற்குச் சமமான பங்கைச் சர்க்கார் சேர்க்கட்டும். அப்போது ஜனங்களுக்கு வேண்டுமா இல்லையா என்ற கேள்விக்கு ஜனங்களே பணத்தால் பதில் சொல்லிவிடுவார்கள். பயிலும் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாருக்கும், சாந்திக்கூத்தனுக்கு அளந்ததுபோல, ஆடாத மாதத்திலும் அளக்கட்டும். 2007-இல் ஏற்பட்ட நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியத்தின் உதவி, கேட்டு அலைந்து ஓய்ந்த பிறகு வராமல், முதுமை வந்த நாளில் வரட்டும். ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டைப் பார்த்துப் பயப்படாதபடி ஐந்தாண்டுக்கு முன்கூட்டிச் சொல்லட்டும்.

செய்யாற்றுப் பக்கத்து அந்த ஊரில் நான் படுகளம்வரை தங்கினேன். மண்ணில் படுத்திருந்த துரியோதனனின் தொடையைப் பீமன் பிளக்க, செந்நீர் பீறிட, விரித்த கூந்தலோடு பல இரவுகளாக இருந்த திரௌபதி கூந்தலை அள்ளி முடிந்தாள், பெண்கள் குலவையிட்டார்கள், அந்த மண்ணை ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டு நெற்பானையில் போட ஓடினார்கள். கூட்டம் கலைந்த பிறகு, தாளம் போட்ட அந்தப் பையன் கட்டைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். தர்மகர்த்தா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வந்து நின்று, தயங்கிச் சொன்னார்:

"வாத்தியாரே, வரி பாதிகூட வசூலாவல. அடுத்த வருசம் மூணு நாளா சுருக்கிக்கலாமான்னு ஊர்ல கேக்கறாங்க."

வாத்தியார் அரிதாரம் துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் படுகளத்தையே பார்த்தார்.

"மூணு நாள்ல துகில உரியறது வரைக்கும்தாங்க போவ முடியும்," என்றார். "கூந்தல முடியாம அம்மாவ எப்படிங்க ஐயா உட்டுட்டுப் போறது?"